வரைபட மென்பொருளில் பழைய தரவமைப்புகளுக்கு இன்றைய மாற்றுகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலத்திலும் ஏற்காட்டிலும் வரைபட வேலை செய்பவர்கள் பலதரப்பட்டவர்கள். ஊராட்சி எல்லைகளைக் கணினியில் ஏற்றுபவர்கள், காபித் தோட்டங்களை ட்ரோன் கொண்டு படமெடுப்பவர்கள், கிணற்று நீர்மட்டத்தை மாதந்தோறும் அளந்து குறிப்பவர்கள், திருமணிமுத்தாற்றின் நீர்ப்பிடிப்புப் பரப்பை வைத்து ஆய்வேடு எழுதும் மாணவர்கள் எனப் பலரோடும் சேர்ந்து வேலை செய்துவருகிறேன். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளையும் நான் சொல்லிவரும் விடைகளையும் இங்கே எழுதிவைத்திருக்கிறேன். பழையது என்பதற்காக மட்டும் எதையும் தூக்கி எறியச் சொல்ல மாட்டேன். பழைய அமைப்பு எந்த இடத்தில் தகவலை இழக்கிறதோ அந்த இடத்தில் அதை மாற்றியே ஆக வேண்டும் என்பதுதான் என் நிலை.

தரவமைப்பு என்று எதைச் சொல்கிறீர்கள்? கோப்பு வடிவமும் அதுவும் ஒன்றுதானா?

இரண்டும் ஒன்றல்ல, ஆனால் நம் அன்றாட வேலையில் இரண்டும் பின்னிக் கிடக்கின்றன. ஓர் ஏரியின் கரையை எப்படிப் புள்ளிகளின் வரிசையாக வைத்துக்கொள்வது, பக்கத்துப் பக்கத்து நிலங்களின் பொது எல்லையை ஒரு முறை எழுதுவதா இரண்டு முறை எழுதுவதா, இரண்டு லட்சம் கட்டடங்களில் அஸ்தம்பட்டியில் உள்ளவற்றை மட்டும் எப்படி விரைந்து எடுப்பது என்பவை தரவமைப்பு பற்றிய கேள்விகள். அந்த முடிவுகளை வட்டில் எழுதிவைக்கும் முறை கோப்பு வடிவம். வரைபட மென்பொருள்களில் பரவலாகப் புழங்கும் ஷேப்ஃபைல் என்ற கோப்பு வடிவத்தைத் தேர்ந்தெடுத்த மாத்திரத்தில், பொது எல்லையை இரண்டு முறை எழுதும் அமைப்பையும் அறியாமலேயே தேர்ந்தெடுத்துவிடுகிறோம். அதனால் இந்தப் பக்கத்தில் இரண்டையும் சேர்த்தே பேசுகிறேன்.

ஷேப்ஃபைல் எல்லா மென்பொருளிலும் திறக்கிறது. அதை ஏன் மாற்ற வேண்டும்?

எல்லா இடத்திலும் திறக்கிறது என்பது உண்மை. எஸ்ரி நிறுவனம் 1990களின் தொடக்கத்தில் கொண்டுவந்த இந்த வடிவத்தின் விவரக்குறிப்பை 1998-இல் வெளிப்படையாக வெளியிட்டது. அந்த ஒரு காரியத்தால்தான் உலகம் முழுவதும் அது பரவியது. ஆனால் ஒவ்வொரு பொருளின் விவரங்களையும் வைத்திருக்கும் அதன் பண்பு அட்டவணை, 1980களில் புழங்கிய டிபேஸ் என்னும் தரவுத்தள மென்பொருளின் கோப்பு வடிவம். அந்தக் காலத்துக் கட்டுப்பாடுகள் அத்தனையும் இன்றும் அதில் இருக்கின்றன. ஒரு கோப்பு 2 ஜிபியைத் தாண்டக் கூடாது. பத்திகள் 255-க்குமேல் போகக் கூடாது. தேதிப் பத்தியில் நாள் மட்டுமே நிற்கும், மணி நிற்காது. எண் பத்தியில் "அளக்கவில்லை" என்று வெற்றிடமாக விட வழியில்லாமல், பல மென்பொருள்கள் அந்த இடத்தில் பூஜ்ஜியத்தை இட்டுவிடுகின்றன. கிணற்று நீர்மட்டம் குறிப்பவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். பூட்டிக் கிடந்ததால் அளக்க முடியாத கிணறும், தரைமட்டம் வரை நீர் நிறைந்து ஆழம் 0 என்று பதிவான கிணறும் அட்டவணையில் ஒன்றுபோலத் தெரிந்தால், அந்த மாதச் சராசரியால் எந்தப் பயனும் இல்லை.

தமிழில் வேலை செய்பவர்களுக்கு இழப்பு இன்னும் பெரிது. பத்தித் தலைப்புக்கு 10 பைட்தான் இடம். ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட் போதும்; யூனிகோடின் யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட் பிடிக்கும், அதிலும் புள்ளியும் கொம்பும் துணைக்காலும் தனித்தனிக் குறியீடுகள். ஏற்காட்டு மலையின் ஊற்றுகளைப் பட்டியலிட்டபோது "ஊற்றின் பெயர்", "ஊற்றின் உயரம்" என்று இரண்டு பத்திகள் வைத்திருந்தேன். ஷேப்ஃபைலாகச் சேமித்து மறுபடி திறந்தால் இரண்டு தலைப்புகளும் "ஊற்" என்றே நின்றன. ஊ, ற, புள்ளி என்ற மூன்று குறியீடுகளோடு 9 பைட் தீர்ந்துவிட்டது. மென்பொருள் தானாக ஓர் எண்ணைச் சேர்த்து இரண்டையும் வேறுபடுத்தப் பார்த்ததே தவிர, எது பெயர், எது உயரம் என்பதைத் தலைப்பிலிருந்து அறிய முடியவில்லை. பத்திக்குள் வரும் உரைக்கும் 254 பைட்தான் எல்லை என்பதால், தமிழில் 84 குறியீடுகளுக்குமேல் எழுதும் குறிப்பு பாதியில் அறுந்துபோகும்.

ஊர்ப் பெயர்கள் விளங்காத சின்னங்களாக வந்துவிட்டன. மீட்க முடியுமா?

எப்படிப்பட்ட சின்னங்கள் என்பதைப் பொறுத்தது. தலையில் சாய்கோடிட்ட லத்தீன் எழுத்து ஒன்றும், வணிகப் பெயர்களின் ஓரத்தில் வரும் வட்டத்துக்குள் ஆர் எழுத்துள்ள சின்னமும் மாறிமாறி வந்தால் கவலை வேண்டாம். தமிழ்க் குறியீடுகளின் பைட்டுகள் அப்படியே பத்திரமாக இருக்கின்றன. மென்பொருள் அவற்றை மேற்கு ஐரோப்பிய எழுத்துகளாகத் தவறாகப் படிக்கிறது, அவ்வளவுதான். ஷேப்ஃபைலின் மற்ற கோப்புகளின் பெயரிலேயே சிபிஜி என்ற பின்னொட்டோடு ஓர் எளிய உரைக் கோப்பை உருவாக்கி, அதில் யூடிஎஃப்-8 என்பதை ஆங்கில எழுத்தில் ஒரே வரியாக எழுதிவைத்தால், அடுத்த முறை திறக்கும்போது வெள்ளக்கடையும் மாரமங்கலமும் தமிழிலேயே வரும்.

வரிசையாகக் கேள்விக்குறிகள் வந்தால் நிலைமை வேறு. சேமிக்கும் நேரத்திலேயே மென்பொருள் தமிழை எழுத முடியாமல் ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு கேள்விக்குறியை எழுதிவிட்டது என்று பொருள். அந்தக் கோப்பிலிருந்து எதையும் மீட்க முடியாது. மூலத்தைத் தேடித்தான் போக வேண்டும்.

அப்படியானால் ஷேப்ஃபைலுக்கு மாற்று எது?

பெரும்பாலானவர்களுக்கு ஜியோபேக்கேஜ். திறந்த புவிவெளிக் கூட்டமைப்பு 2014-இல் ஏற்றுக்கொண்ட தரம் இது. 2018-இல் வந்த க்யூஜிஐஎஸ் 3-லிருந்து அந்த மென்பொருளின் இயல்பு வடிவமும் இதுவே. உள்ளே இருப்பது நம் கைபேசிகளில் எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும் எஸ்கியூலைட் தரவுத்தளம். குறைந்தது மூன்று கோப்புகளைச் சேர்த்தே தூக்கிச் செல்ல வேண்டிய ஷேப்ஃபைலைப் போலன்றி, இது ஒரே கோப்பு. அந்த ஒரே கோப்பில் ஊராட்சி எல்லை, கிணறுகள், சாலைகள், அவற்றின் நிறப்பாங்கு என எத்தனை அடுக்குகளையும் வைக்கலாம். பத்தித் தலைப்பைத் தமிழில் முழுதாக எழுதலாம். வெற்றிடம் வெற்றிடமாகவே நிற்கும். நாளோடு மணியும் நிற்கும். இடத்தைக் கொண்டு தேடும் அட்டவணையும் உள்ளேயே இருக்கிறது.

ஜியோபேக்கேஜில் குறையே இல்லையா?

இருக்கிறது. இரண்டு குறைகளை இங்கே பலர் பட்டுத்தான் தெரிந்துகொண்டார்கள்.

கோப்பு மென்பொருளில் திறந்திருக்கும்போது, புதிய மாற்றங்கள் பக்கத்திலேயே உருவாகும் ஒரு துணைக் கோப்பில் முதலில் எழுதப்படலாம். பிறகுதான் முதன்மைக் கோப்பில் சேரும். திறந்திருக்கும் நிலையிலேயே முதன்மைக் கோப்பை மட்டும் பென்டிரைவில் நகலெடுத்துக்கொண்டு மலைக்குப் போனால், காலையில் சேர்த்த புள்ளிகள் அதில் இல்லாமல் போகலாம். மென்பொருளை முழுதாக மூடிவிட்டு நகலெடுங்கள்.

மற்றொன்று, அலுவலகத்தின் பொது வட்டில் வைத்து நான்கு பேர் ஒரே நேரத்தில் திருத்தும் வேலைக்கு இது ஏற்றதல்ல. எஸ்கியூலைட்டில் ஒரு நேரத்தில் ஒருவரே எழுத முடியும். வலைப்பின்னல் வட்டுகளில் அந்தப் பூட்டு முறையை நம்ப முடியாது என்பதை அதை உருவாக்கியவர்களே தங்கள் ஆவணத்தில் எச்சரிக்கிறார்கள். பலர் சேர்ந்து திருத்த வேண்டும் என்றால் போஸ்ட்ஜிஐஎஸ் போன்ற தரவுத்தளத்துக்குப் போய்விடுவதே நல்லது.

ஜியோஜேசனாகச் சேமித்தால் போதாதா? வெறும் உரைக் கோப்புதானே?

சிறு அளவில் இணையத்தில் காட்டுவதற்குப் போதும். 2016-இல் ஆர்எஃப்சி 7946 என்ற எண்ணில் அது தரமாக்கப்பட்டது. அதன்படி ஆயங்கள், அதாவது இடத்தைக் குறிக்கும் எண்கள், எப்போதும் உலகப் பொது முறையான டபிள்யூஜிஎஸ் 84-இல் இருக்க வேண்டும். தீர்க்கரேகை முதலில், அட்சரேகை அடுத்து வர வேண்டும். நாம் பேச்சில் அட்சரேகையைத்தான் முதலில் சொல்லிப் பழகியிருக்கிறோம். சேலத்தை 78.15, 11.66 என்று எழுதுவதற்குப் பதிலாக மாற்றி எழுதிவிட்டால், நம் ஊர் ஆர்க்டிக் பகுதியில் ஸ்வால்பார்ட் தீவுகளின் அருகே போய் நிற்கும். புள்ளி எங்கேயும் தெரியவில்லை என்று யாராவது சொன்னால், முதலில் உலக வரைபடத்தை முழுதாகச் சுருக்கி வடதுருவப் பக்கம் பார்க்கச் சொல்வேன். பாதி நேரம் அங்கேதான் இருக்கும்.

பதினைந்து தசம இடங்களோடு ஆயங்களை எழுதுவதும் வீண். ஆறாவது தசம இடம் ஏறத்தாழ 11 சென்டிமீட்டரைக் குறிக்கிறது. கைபேசியின் ஜிபிஎஸ் மீட்டர் கணக்கில் பிழையோடுதான் இடம் சொல்கிறது. ஆறோடு நிறுத்தினால் கோப்பும் பாதியாகச் சுருங்கும்.

பக்கத்துப் பக்கத்து எல்லைகளுக்கு நடுவே கீற்றுக் கீற்றாக இடைவெளி வருகிறது. இதற்கு எந்தப் புதிய அமைப்பு தீர்வு தரும்?

இந்தக் கேள்விக்குப் பழைய அமைப்பிடமிருந்துதான் பாடம் கற்க வேண்டும் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

நாமக்கல் மாவட்டம் 1997-இல் சேலத்திலிருந்து பிரிந்தது. இரு மாவட்டங்களுக்கும் நடுவே தரையில் இருப்பது ஒரே எல்லைதான். ஷேப்ஃபைலிலோ அது இரண்டு முறை இருக்கிறது: சேலம் பலகோணத்தின் ஓரமாக ஒரு முறை, நாமக்கல் பலகோணத்தின் ஓரமாக ஒரு முறை. ஒருவர் சேலத்துப் பக்கம் ஒரு வளைவைத் திருத்திவிட்டு நாமக்கல் பக்கத்தைத் தொடாமல் விட்டால், நடுவே யாருக்கும் சொந்தமில்லாத ஒரு கீற்று உண்டாகிவிடும். அல்லது ஒரே நிலம் இரு மாவட்டத்திலும் எண்ணப்படும். ஒவ்வொரு புல எண்ணுக்கும் தனித்தனிப் புலப்படம் வரையப்பட்டிருக்கும் நம் நில அளவைப் பதிவுகளை ஒன்றாகச் சேர்க்கும்போதும் இதே சிக்கல்தான். தாளில் ஒவ்வொரு படமும் தன்னளவில் சரி; சேர்த்து வைத்தால் ஓரங்கள் பொருந்துவதில்லை.

1980களில் ஆர்க்இன்ஃபோ மென்பொருள் பயன்படுத்திய கவரேஜ் என்ற அமைப்பில் இந்தக் குறை கிடையாது. எல்லைக்கோடு ஒரு முறைதான் எழுதப்படும்; அந்தக் கோட்டின் இடப்புறம் எந்த நிலம், வலப்புறம் எந்த நிலம், எந்த முனையில் தொடங்கி எந்த முனையில் முடிகிறது என்பது அதனோடு சேர்ந்திருக்கும். அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறை 1970 கணக்கெடுப்புக்காக உருவாக்கிய டைம் கோப்புகளும், 1990 கணக்கெடுப்புக்காக உருவாக்கிய டைகர் கோப்புகளும் இதே எண்ணத்தில் எழுந்தவை. விரைவாகத் திரையில் வரைய வேண்டும் என்பதற்காக ஷேப்ஃபைல் இந்த உறவுகளைக் கைவிட்டது. வேகம் கிடைத்தது, ஒழுங்கு போனது.

ஜியோபேக்கேஜுக்கு மாறினால் மட்டும் இது சரியாகாது, ஏனென்றால் அதிலும் பலகோணங்கள் தனித்தனியாகவே இருக்கின்றன. இன்று உள்ள வழிகளில் நான் முதலில் சொல்வது க்யூஜிஐஎஸ்ஸில் இடவியல் திருத்தம் என்ற வசதியை இயக்கிவைத்துவிட்டு வேலை செய்வது. பொது முனையை ஒரு முறை நகர்த்தினால் இரண்டு பக்கமும் சேர்ந்து நகரும். போஸ்ட்ஜிஐஎஸ்ஸில் இடவியலுக்கென்றே ஒரு நீட்சி உண்டு. கவரேஜின் அதே எண்ணத்தைத் தரவுத்தளத்துக்குள் கொண்டுவருவது அது. அதைக் கற்றுக்கொள்ளக் காலம் பிடிக்கும். 2023-இல் வந்த போஸ்ட்ஜிஐஎஸ் 3.4, பலகோணங்களைத் தனித்தனியாக வைத்துக்கொண்டே, ஒன்றுக்கொன்று பொருந்தாத ஓரங்களைக் கண்டுபிடிக்கவும், பொது எல்லை பிசகாமல் புள்ளிகளைக் குறைக்கவும் புதிய செயல்கூறுகளைத் தந்திருக்கிறது. ஊராட்சி எல்லைகளைக் கையாள்பவர்கள் இதை அவசியம் பயன்படுத்திப் பார்க்க வேண்டும். இணையத்தில் காட்டுவதற்கு மட்டும் என்றால் 2012-இல் வந்த டோபோஜேசன் போதும். பொது எல்லையை ஒரு முறையே எழுதுவதால் கோப்பும் சிறுக்கும்.

நாற்கிளை மரம், ஆர்-மரம் என்கிறார்கள். இவை எதற்கு?

நம்மிடம் ஏற்கெனவே இருக்கும் ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். இந்திய நில அளவைத் துறையின் பழைய வரைபடத் தாள்களில் சேலமும் ஏற்காடும் 58 ஐ என்ற தாளில் வருகின்றன. 58 என்பது 4 பாகைக்கு 4 பாகை அளவுள்ள பெரிய சதுரம். அதைப் பதினாறாகப் பிரித்து, ஆங்கிலத்தில் ஏ முதல் பதினாறாம் எழுத்தான பி வரை எழுத்திட்டார்கள். ஐ என்பது அவற்றில் ஒன்று, 1 பாகைச் சதுரம். அதையும் பதினாறாகப் பிரித்து 1 முதல் 16 வரை எண்ணிட்டால் 50,000-க்கு 1 என்ற அளவுள்ள தாள் கிடைக்கும். ஓர் இடத்தைத் தேட நாட்டின் எல்லாத் தாள்களையும் புரட்ட வேண்டாம்; மூன்றே படிகளில் உரிய தாளுக்கு வந்துவிடலாம். பெரிய சதுரத்தைச் சிறிய சதுரங்களாக உடைத்துக்கொண்டே போகும் இந்த எண்ணத்தையே கணினியில் நான்கு நான்காகச் செய்வது நாற்கிளை மரம். ஃபிங்கல், பென்ட்லி ஆகிய இருவரும் 1974-இல் அதை விவரித்து எழுதினார்கள்.

நாற்கிளை மரத்தின் சிக்கல், பிரிகோட்டின் மீதே கிடக்கும் பொருளை எந்தச் சதுரத்தில் வைப்பது என்பது. 1984-இல் குட்மன் முன்வைத்த ஆர்-மரம் வேறு வழியில் போனது. ஒவ்வொரு பொருளையும் சுற்றி ஒரு செவ்வகம் போட்டு, பக்கத்துச் செவ்வகங்களைச் சேர்த்துப் பெரிய செவ்வகமாக்கி, அவற்றை மறுபடியும் சேர்த்துக்கொண்டே மேலே போகும். போஸ்ட்ஜிஐஎஸ், ஜியோபேக்கேஜ் இரண்டிலும் இன்று இயங்குவது இதன் வழிவந்த அமைப்புதான்.

இதன் பலவீனத்தைக் காட்ட ஏற்காடு மலைப்பாதையைவிடப் பொருத்தமான உதாரணம் எனக்குத் தெரியாது. அடிவாரத்திலிருந்து மேலே வரை 20 கொண்டை ஊசி வளைவுகளோடு போகும் சாலையை ஒரே கோடாகச் சேமித்திருக்கிறீர்கள் என்று வையுங்கள். அதைச் சுற்றிய செவ்வகம் மலையின் தெற்குச் சரிவு முழுவதையும் மூடிவிடும். அந்தச் சரிவில் எந்தப் புள்ளியைத் தேடினாலும் "இந்தச் சாலை அருகில் இருக்கலாம்" என்று மரம் சொல்லும். மென்பொருள் சாலையின் அத்தனை வளைவுகளையும் எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, இல்லை என்று ஒதுக்கும். தீர்வு எளிது: வளைவுக்கு வளைவு கோட்டை உடைத்துச் சேமித்தால் செவ்வகங்கள் சிறியவையாகி, தேவையற்ற கணக்கு குறையும். போஸ்ட்ஜிஐஎஸ்ஸில் இதற்கென்றே எஸ்டி சப்டிவைட் என்ற செயல்கூறு இருக்கிறது. தேடல் மெதுவாக இருக்கிறது என்று புதிய கணினி வாங்கப் போகிறவர்களை நான் முதலில் இதைச் செய்துபார்க்கச் சொல்கிறேன்.

ஜியோஹேஷ், எஸ்2, எச்3 ஆகியவை ஆர்-மரத்துக்கு மாற்றா?

சில வேலைகளுக்கு மட்டும். இவை உலகத்தைக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு குறி தருகின்றன. இடத்தைத் தேடுவது, சாதாரணச் சொல்லைத் தேடுவதைப் போல ஆகிவிடுகிறது. தனி மரம் வேண்டியதில்லை.

2008-இல் வந்த ஜியோஹேஷ் எளிமையானது. ஒரே முன்னெழுத்துகள் உள்ள இடங்கள் பக்கத்தில் இருக்கும். ஆனால் பக்கத்தில் உள்ள இடங்களுக்கு ஒரே முன்னெழுத்துகள் இருக்கும் என்று திருப்பிச் சொல்ல முடியாது. இந்த ஒன்றை மறந்து பலர் தவறு செய்கிறார்கள். அதன் பிரிகோடுகளில் ஒன்று 11.25 பாகை அட்சரேகை; அது நாமக்கல் நகருக்குச் சற்று வடக்கே போகிறது. ஆகவே சேலத்தின் குறி டி-டி என்று தொடங்க, நாமக்கல்லின் குறி டி-9 என்று இரண்டாவது இடத்திலேயே பிரிந்துவிடுகிறது. அந்தக் கோட்டின் இரு கரையிலும் அடுத்தடுத்து இருக்கும் இரண்டு வீடுகளுக்கும் இதே கதிதான். கிழக்கே 78.75 பாகை தீர்க்கரேகை ஆத்தூரைத் தாண்டி இன்னொரு பிரிகோடாக வருகிறது. பக்கத்துக் கட்டங்கள் எட்டையும் சேர்த்துத் தேடினால் தவறு நேராது.

கூகுள் உருவாக்கிய எஸ்2, உலக உருண்டையை ஒரு கனசதுரத்தின் ஆறு முகங்களில் விரித்து, அடுத்தடுத்த எண்கள் பக்கத்துக் கட்டங்களிலேயே விழும்படி வளைந்து செல்லும் ஹில்பர்ட் வளைவின் வரிசையில் எண்ணிடுகிறது. ஊபர் 2018-இல் வெளியிட்ட எச்3 அறுகோணங்களைப் பயன்படுத்துகிறது. அறுகோணத்துக்கு ஆறு பக்கத்துக் கட்டங்கள், எல்லாம் ஏறத்தாழ ஒரே தொலைவில். அதனால் அடர்த்தி, சராசரி போன்றவற்றைப் பார்க்க மிக நேர்த்தியானது. எச்3-இன் எட்டாம் படியில் ஒரு கட்டம் சராசரியாக 0.74 சதுர கிலோமீட்டர். மாவட்டக் கிணறுகளின் நீர்மட்டப் போக்கைப் பார்க்க அந்த அளவு எனக்குப் பொருத்தமாக இருந்திருக்கிறது. நில எல்லைக்கு இதைப் பயன்படுத்தவே கூடாது. பட்டா நிலம் எந்தக் கட்டத்துக்கும் கட்டுப்பட்டதல்ல.

உயரத் தரவும் ட்ரோன் படங்களும் பெரிய கோப்புகளாக இருக்கின்றன. அவற்றுக்கு என்ன வழி?

2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்ணோடம் 11 நாள் பறந்து அளந்த எஸ்ஆர்டிஎம் உயரத் தரவை இன்றும் பலர் எச்ஜிடி கோப்புகளாக வைத்திருக்கிறார்கள். 11 வடக்கு, 78 கிழக்கு என்று பெயரிட்ட ஒரே கோப்பில் சேலம், ஏற்காடு, ஆத்தூர் மூன்றும் அடங்கும். பழைய 58 ஐ தாளும் இதே சதுரம்தான். 3601 நிரை, 3601 நிரல், ஒவ்வோர் உயரத்துக்கும் 2 பைட். 2,59,34,402 பைட்டோடு கோப்பு முடிந்துவிடுகிறது. எந்த இடத்துத் தரவு என்ற குறிப்பு உள்ளே எங்கேயும் கிடையாது. அந்தத் தகவல் கோப்பின் பெயரில் மட்டுமே இருக்கிறது. யாராவது அன்போடு "ஏற்காடு உயரம்" என்று பெயர் மாற்றிவிட்டால், கோப்புக்குத் தான் எந்த ஊர் என்பதே தெரியாது.

இதற்கும் ட்ரோன் படங்களுக்கும் இன்றைய விடை, மேகக் கணிமைக்கு ஏற்ற ஜியோடிஃப், சுருக்கமாக சிஓஜி. இட விவரம் கோப்பின் தலைப்பகுதியிலேயே இருக்கும். படம் சிறு சதுரங்களாக அடுக்கப்பட்டிருக்கும். தூரத்திலிருந்து பார்ப்பதற்கான சிறிய பிரதிகளும் உள்ளேயே இருக்கும். கணக்குப் போட்டுப் பார்த்தால் இதன் அருமை புரியும். ஒரு சதுர கிலோமீட்டர் காபித் தோட்டத்தை 5 சென்டிமீட்டர் துல்லியத்தில் படமெடுத்தால் 40 கோடி படப்புள்ளிகள், மூன்று நிறங்களுக்கும் சேர்த்து 120 கோடி பைட். சிஓஜியில் 512-க்கு 512 அளவுள்ள ஒரு சதுரம் தரையில் 25.6 மீட்டர், சுருக்காமலே 8 லட்சம் பைட்டுக்கும் குறைவு. நாகலூரில் சிக்னல் ஒரு கோடு மட்டும் காட்டும் இடத்தில் நின்றுகொண்டு, சேலத்துக் கணினியில் இருக்கும் படத்தின் அந்த ஒரு மூலையை மட்டும் கைபேசியில் வரவழைக்க முடியும்.

தரவமைப்பை மாற்றுவதால் அளவீடு துல்லியமாகிவிடாது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். எஸ்ஆர்டிஎம் அளக்கப் பயன்படுத்திய ரேடார் அலைகள் மரக்கூரைக்குள் முழுதாக இறங்குவதில்லை. காபிக்கு நிழல் தரும் சில்வர் ஓக் நிற்கும் சரிவுகளில் அது சொல்லும் உயரம் வெறுந்தரையின் உயரமல்ல.

இணைய வரைபடங்களில் வெக்டர் டைல் என்பது என்ன?

முன்பு வரைபடத்தை டைல் என்னும் சிறு சதுரப் படங்களாக வெட்டி வைத்தார்கள். பெரிதாக்கிப் பார்க்கும் படிகளில் 18-ஆவதில் உலகம் முழுவதற்கும் 6,871 கோடி சதுரங்கள் தேவை. வெக்டர் டைல், படத்துக்குப் பதிலாகக் கோடுகளையும் பெயர்களையும் அனுப்புகிறது. வரைவது உங்கள் உலாவியின் வேலை. பிஎம்டைல்ஸ் வடிவத்தில் ஒரு மாவட்டத்தின் டைல்கள் முழுவதையும் ஒரே கோப்பில் அடக்கி, தனிச் சேவையகம் இல்லாமலே வெளியிடலாம்.

தமிழுக்கு ஓர் எச்சரிக்கை. இந்த டைல்களை வரையும் நூலகங்கள் நெடுங்காலமாக எழுத்துகளைக் குறியீடு குறியீடாக வைத்து வரைந்துவந்தன. அதனால் "சேலம்" என்பதில் சகரத்துக்கு முன்னால் நிற்க வேண்டிய இரட்டைக்கொம்பு அதற்குப் பின்னால் போய் நிற்கும். நீங்கள் பயன்படுத்தும் பதிப்பில் சேலம், கெங்கவல்லி, கொளத்தூர் என்ற மூன்று பெயர்களையும் வரைந்து பார்த்துவிட்டு வெளியிடுங்கள். இரட்டைக்கொம்பு, ஒற்றைக்கொம்பு, கொம்போடு துணைக்கால் ஆகிய மூன்றும் அவற்றில் வந்துவிடுகின்றன.

ஜியோபார்க்கே, ஃப்ளாட்ஜியோபஃப் ஆகியவை நமக்குத் தேவையா?

லட்சக்கணக்கான பதிவுகளைக் கையாண்டால் தேவை. ஃப்ளாட்ஜியோபஃப், பொருள்களை ஹில்பர்ட் வரிசையில் அடுக்கி, முன்பகுதியில் ஓர் ஆர்-மரத்தையும் வைத்திருப்பதால், இணையம் வழியாகவே வேண்டிய பகுதியை மட்டும் எடுக்கலாம். ஜியோபார்க்கே, 2023-இல் முதல் முழுப் பதிப்பாக வந்தது. தரவைப் பத்தி பத்தியாக அடுக்குவதால், நாற்பது பத்திகளில் இரண்டை மட்டும் படிக்க வேண்டிய கணக்கு மிக விரைவாக முடியும். ஓவர்ச்சர் மேப்ஸ் அமைப்பு கட்டடங்கள், சாலைகள் பற்றிய தன் தரவை இந்த வடிவத்தில்தான் வெளியிடுகிறது. அன்றாடம் திருத்திக்கொண்டே இருக்கும் வேலைக்கு இரண்டுமே ஏற்றவையல்ல.

மழையில் மலைப்பாதை மூடப்பட்டால் வழிகாட்டும் மென்பொருள் உடனே மாற்று வழி சொல்லுமா?

அது எந்த அமைப்பில் சாலைகளை வைத்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. டைக்ஸ்ட்ரா 1959-இல் வெளியிட்ட முறை சந்திப்புகளையும் சாலைகளையும் வலைப்பின்னலாக வைத்து ஒவ்வொரு சந்திப்பாக விரிந்து தேடும். சரியான விடை தரும். ஆனால் நாடு முழுவதற்கும் மெதுவானது. 2008-இல் ஜெர்மனியில் உருவான சுருக்கப் படிநிலை முறை, குறுக்குவழிகளை முன்கூட்டியே கணக்கிட்டு வைத்துக்கொண்டு, கேள்வி வந்தவுடன் மில்லி நொடிகளில் விடை சொல்லும். அதன் விலை, ஒரு சாலையின் நிலை மாறினால் முன்கணக்கைத் திரும்பப் போட வேண்டும் என்பது.

அடிவாரம் வழியாகப் போகும் பாதையில் மண் சரிந்தால், குப்பனூர், கொட்டச்சேடு வழியாகத்தான் ஏற்காடு போக வேண்டும். அந்த நேரத்தில் பழைய முன்கணக்கை நம்பும் செயலி, மூடிய பாதையிலேயே வண்டியை ஏற்றிவிடும். சாலைகளின் அமைப்பைத் தனியாகவும் அவற்றின் பயண நேரத்தைத் தனியாகவும் கணக்கிடும் முறைகள் 2011-லிருந்து வந்திருக்கின்றன. நேரம் மாறினால் அந்தப் பகுதியை மட்டும் சில நொடிகளில் புதுப்பிக்கலாம். கட்டற்ற மென்பொருளான ஓஎஸ்ஆர்எம்மில் இரண்டு வகையும் இருக்கின்றன. ஆம்புலன்ஸ், பால் வண்டி, பள்ளி வாகனம் ஆகியவற்றுக்கு வழி சொல்லும் செயலியை மலைப்பகுதிக்கு அமைப்பவர்கள் இரண்டாவது வகையைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று உறுதியாகச் சொல்வேன்.

மேட்டூரையும் சேலத்தையும் ஒரே கோப்பில் வைத்தால் பரப்பளவு பிசகுமா?

உலகத்தை 6 பாகை அகல மண்டலங்களாகப் பிரித்து மீட்டரில் இடம் சொல்லும் யூடிஎம் ஆய முறையில் வைத்தால் கவனம் தேவை. 78 பாகை தீர்க்கரேகைக்கு மேற்கே 43-ஆம் மண்டலம், கிழக்கே 44-ஆம் மண்டலம். மேட்டூர், எடப்பாடி, சங்ககிரி மேற்கே; ஓமலூர், சேலம், ஏற்காடு கிழக்கே. இரண்டு மண்டலத்துக் கோப்புகளை ஆய விவரம் பார்க்காமல் ஒட்டினால் மேட்டூர் அணை பல நூறு கிலோமீட்டர் தள்ளிப் போகும். மாவட்டம் முழுவதற்கும் 44-ஆம் மண்டலத்தையே வைத்துக்கொள்ளலாம். மேற்கு ஓரத்தில் வரும் நீட்டல் நம் வேலைகளுக்குப் பொறுக்கத்தக்கது. ஷேப்ஃபைலில் இந்த விவரம் தனிக் கோப்பில் இருப்பதால் எளிதில் தொலைந்துபோகும். ஜியோபேக்கேஜில் உள்ளேயே இருக்கும்.

மாற்றி முடித்த பிறகு பழைய ஷேப்ஃபைல்களை அழித்துவிடலாமா?

அழிக்க வேண்டாம், சரிபார்த்துவிட்டுக் கட்டிவையுங்கள். பழைய கோப்பிலும் புதிய கோப்பிலும் பதிவுகளின் எண்ணிக்கையும் மொத்தப் பரப்பளவும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பாருங்கள். எண் பத்திகளில் இருக்கும் பூஜ்ஜியங்களைத் தனியே வடிகட்டி, எவை உண்மையான பூஜ்ஜியம், எவை அளக்காதவை என்று களத்தில் எழுதிய நோட்டுப் புத்தகத்தோடு ஒப்பிடுங்கள். இந்த வேலையை மென்பொருள் உங்களுக்காகச் செய்யாது. எனக்கு ஊற்றுப் பட்டியலில் இரண்டு நாள் பிடித்தது. நீளமான ஊர்ப் பெயர்கள் கடைசி எழுத்து வரை இருக்கின்றனவா என்றும் கண்ணால் பார்த்துவிடுங்கள். அதன் பின் பழைய கோப்புகள் அனைத்தையும், சிபிஜியும் ஆய விவரக் கோப்பும் விடுபடாமல், ஒரே ஜிப் கோப்பாகக் கட்டி, எந்த நாளில் எந்தப் பதிப்பு மென்பொருளைக் கொண்டு மாற்றினீர்கள் என்ற குறிப்பை உள்ளே போட்டு, வேறொரு வட்டில் வைத்துவிடுங்கள்.